ஒரு தரம் அவர், இரண்டு தரம் நாங்கள்

பாசுரம் சேவிக்கும்போது நடுவில் ஒரு சொல் தவறிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் எல்லோருக்கும் தெரியும். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த அடியில் மெதுவாக ஏறிக்கொள்ள வேண்டும். இத்தனை பெண்கள் சேர்ந்து சொல்லும்போது ஒருத்தியின் தவறு பெருமாளைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் பொறுத்துக்கொள்வார்.

எங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் டீச்சர் மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். கையைத் தூக்கிவிடுவார்.

"ஸ்வாமி, அடியேன் தப்பாச் சொல்லிட்டேன். முதல்லேர்ந்து சொல்லலாமா?"

"டீச்சர், ஒருத்தர் காதுலயும் விழலை. விடுங்கோளேன்" என்பாள் பங்கஜம். "ஆத்துல விளக்கேத்தணும். பால்காரன் வேற வந்து நிப்பான்."

"என் காதுல விழுந்துடுத்தே, பங்கஜம்."

அவ்வளவுதான். மறுபடியும் முதல் அடியிலிருந்து ஆரம்பிப்போம்.

வெளியூர்க்காரர்களுக்குச் சந்தை என்றால் காய்கறி விற்கும் இடம். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குச் சந்தை என்றால் பாசுரம் கற்றுக்கொள்ளும் முறை. சொல்லிவைக்கிற ஸ்வாமி ஓர் அடியை ஒரு தரம் சொல்வார். நாங்கள் சேர்ந்து இரண்டு தரம் திருப்பிச் சொல்வோம். அடுத்த அடி அவர் ஒரு தரம், நாங்கள் இரண்டு தரம். இப்படியே போகும். எழுதிவைத்துக்கொள்வது கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே நூற்றுக்கணக்கான பாசுரங்கள் நாக்கில் நிற்கின்றன என்றால் அது இந்த முறையின் மகிமை. உத்தர வீதியில் ஸ்வாமியின் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் கூடுவோம். டவுனில் பள்ளிக்கூடம் முடிந்து, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி, முகம் கழுவின ஈரத்தோடு டீச்சர் வந்து சேருவார்.

அவர் இப்போது ஸ்ரீரங்கத்தில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு மகனோடு ஓசூரில் இருக்கிறார். பெயரைப் போட்டு எழுதினால் கூச்சப்படுவார். எங்களுக்கு என்றைக்கும் அவர் டீச்சர்தான்.

அவரோடு ஒரு முறை கோயிலில் பிரதட்சிணம் வந்துகொண்டிருந்தேன். முக்கால்வாசி சுற்றியாகிவிட்டது. திடீரென்று நின்றார்.

"வேதா, நான் இன்னும் பெருமாளை நெனைக்கவே இல்லைடி. அந்தக் கோடிலேர்ந்து இங்க வரைக்கும், சிலிண்டர் புக் பண்ணினேனா இல்லையான்னே யோசிச்சுண்டு வந்திருக்கேன்."

"அதனால என்ன டீச்சர், மீதி இருக்கறதை நன்னா சுத்துங்கோ."

"கால்தான் சுத்தித்து. நான் சுத்தலையே."

சுற்ற ஆரம்பித்த கொடிமரத்துக்கே விறுவிறுவென்று திரும்பி நடந்தார். எனக்கு முழங்கால் வலி. உள்ளுக்குள் சுருக்கென்று கோபம்கூட வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனேன். இரண்டாவது முறை சுற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். புதிதாகக் கோயிலுக்கு வந்தவர் மாதிரி இருந்தது. என் முழங்காலும் எப்போது வலிப்பதை நிறுத்தியது என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்திலும் அவர் அப்படித்தான். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு. ஒரு குழந்தைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் திட்ட மாட்டார். "சரி, நாம ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து வருவோம்" என்று புளியங்கொட்டையை எடுத்துப் பரப்பிவிடுவார். அவருடைய ஆத்துக்காரர் திடீரென்று பரமபதித்தபோது மகன் கல்லூரியில் கால் வைத்த நேரம். காரியமெல்லாம் முடிந்து மறுபடி வேலைக்குப் போன அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "கிளாஸுக்குள்ள நுழைஞ்சு சாக்பீஸைக் கையில எடுத்தப்புறம்தான் மூச்சு வந்தது, வேதா." அந்த வகுப்பறை அவருக்கு என்னவென்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் புது நிர்வாகம் வந்த வருஷம், அவர் முகம் வாடி வந்த அன்று விடாமல் என்னவென்று கேட்டேன்.

சின்ன வகுப்புகளில் எல்லா டீச்சர்களும் குழந்தைகளோடு இங்கிலீஷிலேயே பேச வேண்டும் என்று உத்தரவு. வகுப்புகளைப் பார்த்துச் சொல்வதற்காகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். டீச்சர் தமிழில் படித்து டீச்சர் டிரெயினிங் முடித்தவர். அவருக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. புத்தகத்து இங்கிலீஷ் தெரியும். நோட்டைக் கொடு என்பதற்கு 'டிஸ்ட்ரிப்யூட்' என்பார். பையில் வை என்பதற்கு அதைவிட நீளமாக ஒன்று சொல்வார். குழந்தைகள் கண்ணைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"அந்த மேடம் பொல்லாதவ இல்லைடி. நன்னாத்தான் சொன்னா" என்றார். "'உங்க இங்கிலீஷ்ல தப்பு இல்லை, ஆனா சர்க்கார் நோட்டீஸ் மாதிரி இருக்கு. குழந்தைகள்கிட்ட யாரும் இப்படிப் பேச மாட்டா. சின்னச் சின்ன வார்த்தை கத்துண்டு வாங்கோ. முழுப் பரீட்சைக்கு முன்னாடி மறுபடி வந்து பாக்கறேன்'னா."

"அப்பவும் சரியா வரலைன்னா?"

"ஆபீஸ்ல உக்காத்தி வெச்சுடுவாளாம். சர்டிபிகேட்டுக்கு ஸ்டாம்ப் குத்தலாம்." பிறகு சொன்னார்: "கிளாஸ்லேர்ந்து என்னை எடுத்துட்டா, நான் என்னத்துக்குடி அந்தக் கட்டடத்துக்குள்ள போகணும்?"

அதே பள்ளிக்கூடத்தில் பாலக்கரையிலிருந்து வரும் மெஹருன் என்று ஒரு டீச்சர். துபாயில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்த பெண். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அவர் தினமும் விடியற்காலையில் டீச்சருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஒப்புக்கொண்டார். டீச்சர் அதை எனக்குப் போட்டுக் காட்டுவார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சரம்மா. இன்னைக்கு 'புட் அவே'. அந்தந்த எடத்துல எடுத்து வச்சிருங்கன்னு அர்த்தம். புக்ஸ், பென்சில், டிபன் பாக்ஸ் எல்லாத்துக்கும் சொல்லலாம். அப்புறம், கோயில்ல எங்க வாப்பாவுக்கும் சேத்து வேண்டிக்கிங்க, அவங்களுக்கு சுகர் கொறையவே மாட்டேங்குது."

"அவ தொழுகையை முடிச்சுட்டு அனுப்பறா. நான் வாசல் தெளிச்சுட்டுக் கேக்கறேன். வார்த்தை குளிச்சுச் சுத்தமாத்தான் நம்மாத்துக்குள்ள வர்றது" என்று டீச்சர் சிரிப்பார்.

ஆனால் வந்த வார்த்தை தங்கவில்லை. காலையில் கேட்டது சாயங்காலம் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும்.

"இந்த 'புட்'டையே எடுத்துக்கோ. வைக்கறதுன்னு அர்த்தம். சரின்னு நெனைச்சுண்டேன். பின்னாடி ஒரு வால் ஒட்டிண்டு வர்றது. 'புட் ஆன்'னா உடுத்திக்கறது. 'புட் ஆஃப்'னா நாளைக்குன்னு தள்ளிப் போடறது. 'புட் அவுட்'னா வெளக்கை அணைக்கறது. 'புட் அப் வித்'னா, சகிச்சுண்டு போறது. வால் மாறினா மிருகமே மாறிப் போயிடறது, வேதா!"

"கடைசியாச் சொன்னேளே, அது எனக்கு இங்கிலீஷ் தெரியாமலேயே தெரியும், டீச்சர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு ஓய்ந்ததும் அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, இத்தனை பாசுரம் நிக்கறதே, இது மட்டும் ஏன் நிக்கலை? பாசுரத்தை நான் தனியா மனப்பாடம் பண்ணினேனா?"

மறுநாள் சந்தை முடிந்து, ஸ்வாமி உள்ளே போன பிறகு, டீச்சர் எங்கள் எல்லோரையும் உட்கார்த்திவிட்டார். கொஞ்ச நேரம்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் ஒரு தரம் சொல்கிறேன், நீங்கள் இரண்டு தரம் சொல்லுங்கள் என்றார். ஆரம்பித்தார். அவரை அறியாமலே பாசுர ராகமும் வந்துவிட்டது.

"லுக் ஆஃப்டர்."

"லுக் ஆஃப்டர், லுக் ஆஃப்டர்."

"கவனிச்சுக்கறது."

"கவனிச்சுக்கறது, கவனிச்சுக்கறது."

நாலு வார்த்தைதான் போயிருக்கும். உள்ளே போன ஸ்வாமி நிலைப்படியில் வந்து நின்றார். பாசுரம் சொல்லும் இடத்தில், அதே ராகத்தில் இங்கிலீஷ். நான் என் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இது எந்த திவ்யதேசத்துப் பாசுரம்?" என்றார் ஸ்வாமி. "அடியேன் கேட்டதில்லையே."

டீச்சர் எழுந்து கைகூப்பி, நடந்ததைச் சொன்னார். வகுப்பை விட்டு எடுத்துவிடுவார்கள் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. ஸ்வாமி அசையாமல் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"சந்தைன்னா உரக்கச் சொல்லணும். சேர்ந்து சொல்லணும். தப்பினா நிறுத்தணும். பங்கஜம் ரெண்டாந்தரம் சொல்றச்சே வாலை முழுங்கிட்டா. முதல்லேர்ந்து சொல்லுங்கோ." உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் எல்லாம் வால் முளைத்த வார்த்தைகள் நடமாடத் தொடங்கின. பங்கஜம் தன் ஆத்துக்காரரைப் பார்த்து, பேப்பரைப் 'புட் அவே' பண்ணச் சொன்னாள். "என்னடி சொல்றே, இன்னும் படிக்கவே இல்லையே" என்று அவர் பயந்து மடித்து வைத்துவிட்டார். என் வீட்டில் அரிசிமாவு தீர்ந்தபோது 'ரன் அவுட்' ஆகிவிட்டது என்று மளிகைக் கடைக்காரரிடமே சொல்லிவிட்டேன். "ரன் அவுட்டா? எந்த மேட்ச்சுங்கம்மா?" என்றார். எதிரில் வரும் மாட்டை 'மூவ் ஆன்' என்று சொன்னால் அது தமிழில் சொன்னதைவிடச் சீக்கிரம் நகர்கிறது என்று பங்கஜம் சத்தியம் பண்ணுவாள்.

ஒரு நாள் மெஹருனிடமிருந்து வந்தது, 'ஸ்டார்ட் ஓவர்'. முதலிலிருந்து மறுபடி தொடங்குவது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, வேதா! நான் எப்பவும் சொல்றதுதானே இது! அந்த ஊர்க்காரனுக்கும் தப்பு நேர்ந்துண்டுதான் இருந்திருக்கு. இல்லேன்னா இதுக்குன்னு ஒரு வார்த்தை எதுக்கு வெச்சுக்கறான்?"

எங்களுக்கு நின்றது போலவே குழந்தைகளுக்கும் நிற்க வேண்டும் என்று, பள்ளிக்கூடத்திலும் இதே முறையில் சொல்லிவைக்க ஆரம்பித்தார். தினமும் காலையில் கொஞ்ச நேரம். அவர் ஒரு தரம், குழந்தைகள் இரண்டு தரம். அதுகள் எங்களைவிட ஜோராகச் சொல்கின்றன என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எங்கே தவறு நடந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

மேடம் வருகிற நாள் வந்தது. "நீ சும்மா வந்து வராந்தாவுல உக்காந்துண்டாலே எனக்குத் தெம்பு" என்று டீச்சர் கூப்பிட்டார். துளசிப் பிரசாதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு. உள்ளே நடப்பது நன்றாகத் தெரிந்தது. மேடம் பின் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புது நிர்வாகத்தின் கரஸ்பாண்டென்ட். இறுக்கமான முகம்.

டீச்சர் உள்ளே போனார். குழந்தைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லின. டீச்சர் தெளிவாகச் சொன்னார்:

"செட்டில் டவுன்."

அமைதியாக உட்காருங்கள் என்று அர்த்தம். மொத்த வகுப்பும் ராகத்தோடு முழங்கியது:

"செட்டில் டவுன், செட்டில் டவுன்!"

ஒரு குழந்தைகூட உட்காரவில்லை.

டீச்சர் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. "சிட் டவுன்" என்றார்.

"சிட் டவுன், சிட் டவுன்!" நின்றபடியே. அவர் கையால் சைகை காட்டிய பிறகுதான் உட்கார்ந்தன.

"டேக் அவுட் யுவர் புக்ஸ்."

"டேக் அவுட் யுவர் புக்ஸ், டேக் அவுட் யுவர் புக்ஸ்!" கோயில் கோஷ்டி தோற்றுவிடும். ஒரு பையிலிருந்தும் ஒரு புத்தகம் வெளியே வரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கண்கள் பளபளக்க, அடுத்த அடிக்காகக் காத்திருந்தன. பாவம், அதுகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே? சந்தையில் வார்த்தையைத் திருப்பிச் சொல்வதுதான் வேலை. எழுந்து காரியம் பண்ணுவது கிடையாது.

கரஸ்பாண்டென்ட் மேடத்தின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். மேடம் பேனாவை மூடினார். முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். ரங்கா, இவருக்கு உலகத்தில் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. இந்த நாலு சுவரை மட்டும் விட்டுவை.

நானாக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பாடத்தை எப்படியாவது ஓட்டியிருப்பேன். பாசுரத்தில் செய்வதைத்தான் செய்திருப்பேன்.

டீச்சர் கையைத் தூக்கினார். சந்தையில் தூக்குவது போலவே. மேடத்தைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்த மட்டில் அவர் சொன்னது இது: தவறு குழந்தைகள் மேல் இல்லை, என் மேல். சொல்லக் கற்றுக்கொடுத்தேன், செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

"ப்ளீஸ் மேடம். ஐ வில் ஸ்டார்ட் ஓவர்."

மேஜை மேல் வைத்த பையை எடுத்து மாட்டிக்கொண்டார். வகுப்பை விட்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் என்னிடமிருந்து கை எட்டும் தூரத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். கண்ணை மூடி, உதடு அசைய என்னவோ சொன்னார். கொடிமரத்துக்குத் திரும்பி நடந்தாரே, அதே முகம். பிறகு கதவைத் திறந்து, அன்றைய காலை அப்போதுதான் விடிந்தது போல உள்ளே நுழைந்தார்.

"குட் மார்னிங், சில்ட்ரன்!"

குழந்தைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எழுந்தன. இந்த முறை டீச்சர் கரும்பலகைக்குப் போகவில்லை. முன் பெஞ்சில் இரண்டு பெண் குழந்தைகளுக்கு நடுவில் போய் நின்றார். உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு 'சிட் டவுன்' என்று சொல்லிக்கொண்டே தானே அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி மேஜையில் இடித்தது. குழந்தைகள் சிரித்தன. சிரித்துக்கொண்டே உட்கார்ந்தன. 'டேக் அவுட்' என்று தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக் குழந்தை எடுத்தது. அதைப் பார்த்து அடுத்தது. சரசரவென்று வகுப்பு முழுக்கப் பை திறக்கும் சத்தம். 'புட் அவே' என்று உள்ளே வைத்தார். வைத்தன. மறுபடி எடுத்தார். எடுத்தன. விளையாட்டாகிவிட்டது. 'ஹாண்ட் அவுட்' என்று ஒரு குழந்தையிடம் நோட்டுகளைக் கொடுத்தார். அது ஒவ்வொன்றாக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போனது. 'லைன் அப்' என்று சொல்லிச் சுவரோரமாகத் தானே முதலில் போய் நின்றார். பின்னாலேயே வால் மாதிரி வகுப்பு முழுக்க வரிசையில் நின்றது. யாரும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.

அப்புறம் கணக்கு. ஒரு பெண் குழந்தையைப் பலகைக்குக் கூப்பிட்டுக் கழித்தல் போடச் சொன்னார். கடன் வாங்கும் இடத்தில் அது தவறிவிட்டது. விடையை எழுதிவிட்டுப் பார்த்தது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. குழந்தை பலகையை இன்னொரு முறை பார்த்தது. பிறகு டஸ்டரை எடுத்து முழுவதையும் அழித்தது. திரும்பி, கையைத் தூக்கியது.

"மிஸ், ஸ்டார்ட் ஓவர்."

அந்த வார்த்தையை அவர் குழந்தைகளுக்குச் சந்தையாகச் சொல்லிவைத்ததே இல்லை. அன்று ஒரே ஒரு தரம், அதுவும் மேடத்திடம் சொன்னதைத்தான் அது கேட்டிருக்கிறது.

மேடம் முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கரஸ்பாண்டென்டும் போனார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் டீச்சர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காவேரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டும்போது மட்டும், "குழந்தைகள் நன்னாப் பண்ணித்துகள், இல்லை?" என்றார்.

சில நாட்கள் கழித்து முடிவு தெரிகிற நாள். அன்று சாயங்காலம் எல்லோரும் சீக்கிரமே ஸ்வாமி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டோம். டீச்சர் வழக்கம்போல முகம் கழுவின ஈரத்தோடு வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பங்கஜம் வாயைத் திறப்பதற்குள் ஸ்வாமி முதல் அடியைச் சொல்லிவிட்டார். பாசுரம் தொடங்கிய பிறகு யாரும் பேசக்கூடாது. மூன்றாவது அடியில் டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஸ்வாமி, அடியேன் தப்பாச் சொல்லிட்டேன்."

"டீச்சர்!" என்று பங்கஜம் பல்லைக் கடித்தாள். "இன்னிக்குமா?"

ஸ்வாமி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவே இல்லை.

"ஸ்டார்ட் ஓவர்" என்றார்.

முடிப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முடிந்தது. ஸ்வாமி அன்று உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ராகத்தோடு ஒரு தரம் சொன்னார்:

"ஸ்டே ஆன்."

புது வார்த்தை. எங்களுக்கு அர்த்தம் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, சந்தை சந்தைதானே. "ஸ்டே ஆன், ஸ்டே ஆன்" என்று சொன்னோம்.

"இங்கேயே இரு. போகாதே" என்று அர்த்தம் சொன்னார் டீச்சர்.

"இங்கேயே இரு, போகாதே" என்று ஒரு தரம் சொல்லிவிட்டோம். இரண்டாவது தரம் சொல்வதற்கு வாயைத் திறந்த பங்கஜம் அப்படியே நின்றுபோனாள்.

"இது மெஹருன் அனுப்பினது இல்லை" என்றார் டீச்சர். "இன்னிக்குக் கார்த்தால கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்ட்டுச் சொன்ன வார்த்தை. மூணாம் கிளாஸ்லயே."

பங்கஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டாந்தரம் இன்னும் வரலையே" என்றார் ஸ்வாமி.

இன்னொரு தரம் சொன்னோம். வீதிக்கே கேட்டிருக்கும்.